இடப்பக்கம் வலுக்குறைந்த மகன் சைக்கிள் கேட்கிறான்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு படிக்கிறான். எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன். இடது கையும் இடது காலும் வலுவில்லாமல் இருப்பதை ஒரு வயதுக்குப் பிறகுதான் கவனித்தோம். மூளை முடக்குவாதம் என்றார்கள். கணுக்காலில் பிளாஸ்டிக் தாங்கி போட்டுக்கொண்டு சற்று விந்தி நடப்பான், ஓடவும் செய்வான். இடது கையால் ஒன்றைப் பிடித்துவிடுவான், விடுவதுதான் சிரமம். பள்ளிக்கூடம் இரண்டரை கிலோமீட்டர். இப்போது அண்ணனின் கேரியரில் போகிறான். அண்ணன் அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்குப் போய்விடுவான். ஆறு மாதமாகத் தனக்கும் சைக்கிள் வேண்டும் என்று கேட்கிறான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி கொடுத்தார்கள்; அதில் உட்காரவே மாட்டேன் என்கிறான், அது மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. மருத்துவர் சைக்கிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விழுந்தால் யார் பொறுப்பு என்கிறார் மாமியார். கொடுத்த வண்டியையே ஓட்டப் பழக்க வேண்டுமா, சைக்கிள் வாங்கித் தரலாமா?
ஒரு தாய், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகன் சைக்கிள் ஓட்டுவதற்கான வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அது இரண்டு சக்கரமாக இருக்குமா, மூன்று சக்கரமாக இருக்குமா என்பதைக் கடிதத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. அதை அவனே சில வாரங்களில் மைதானத்தில் உங்களுக்குக் காட்டிவிடுவான். முகாமில் கொடுத்த வண்டியில் அவனை வற்புறுத்தி உட்கார வைக்க வேண்டாம். ஆனால் சைக்கிள் கடைக்குப் போகுமுன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. ஓர் இயன்முறை மருத்துவன் என்ற முறையில், அந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் அடுத்த அடி எடுத்து வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

முதலில் கொட்டகையில் கிடக்கும் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி, கால்கள் உடலைத் தாங்காத, ஆனால் கைகளில் நல்ல வலு உள்ளவர்களுக்காக உருவானது. உங்கள் மகனின் நிலைமை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது: ஒரு கால் முழு வலுவோடும் மற்றொன்று ஓரளவு வலுவோடும் இருக்கின்றன, ஒரு கைதான் ஒத்துழைக்க மறுக்கிறது. ஓடக்கூடிய ஒரு பையனை அதில் உட்கார வைத்தால் நன்றாக இருக்கும் கால்களுக்கு வேலை போய்விடும். எல்லாச் சுமையும் வலது தோளில் ஏறும். முகாம்களில் இது அடிக்கடி நடக்கிறது. அடையாள அட்டையில் உள்ள சதவீதத்தைப் பார்த்து வண்டியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தக் கை, எந்தக் கால், எவ்வளவு தூரம், எப்படிப்பட்ட பாதை என்று கேட்பதற்கு அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நேரமில்லை. ஆகவே உங்கள் மகன் அடம் பிடிக்கிறான் என்று நான் நினைக்கவில்லை. தன் உடம்பைப் பற்றி அவன் சரியாகவே கணித்திருக்கிறான்.

அதற்காக அந்த வண்டியை இழிவாகவும் நினைக்க வேண்டியதில்லை. இரண்டு சக்கர வண்டி பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1655இல், ஜெர்மனியின் நியூரம்பெர்க் பகுதியில் வாழ்ந்த ஸ்டெஃபான் ஃபார்ஃப்லர் என்ற கடிகாரத் தொழிலாளி, நடக்க முடியாத தமக்காகவே கைப்பிடி சுற்றினால் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்துகொண்டார். தன் பலத்தால் தானே ஓட்டிச் செல்லும் வண்டியின் வரலாற்றில், மாற்றுத்திறனாளி ஒருவர் தமக்கென்று செய்துகொண்ட அந்த வண்டிக்கு மிகப் பழைய இடம் உண்டு. உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நிலைமையைச் சொல்லி, கொட்டகையில் துருப்பிடிக்கும் வண்டி அது உண்மையில் தேவைப்படும் ஒருவருக்குப் போய்ச்சேர வழியிருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி மருத்துவர் சொன்னதற்கு வருவோம். அவர் வேண்டாம் என்றதைப் புறக்கணிக்கச் சொல்ல மாட்டேன். எதனால் வேண்டாம் என்று கேட்கச் சொல்கிறேன். பொதுவான தயக்கத்தால் சொன்னாரா, குறிப்பிட்ட காரணத்தால் சொன்னாரா என்பது தெரிந்தாக வேண்டும். நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி வலிப்பைப் பற்றியது. பிறக்கும் காலத்தில் மூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு வலிப்பும் சேர்ந்தே வருகிறது. உங்கள் மகனுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா, மருந்து சாப்பிடுகிறானா, கடைசியாக வந்து எவ்வளவு காலமாயிற்று என்பதைப் பொறுத்து நரம்பியல் மருத்துவர்தான் சாலையில் ஓட்டுவதைப் பற்றி முடிவு சொல்ல வேண்டும். கட்டுக்குள் வராத வலிப்பு இருந்தால் தனியாகச் சாலையில் ஓட்டும் பேச்சே கூடாது. அந்த நிலையில் மூன்று சக்கரமும் பாதுகாப்பு ஆகாது.

இரண்டாவது, பார்வை. கண் நன்றாகத் தெரிகிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். எழுத்தைப் படிப்பது வேறு, பக்கவாட்டில் வருவதைக் காண்பது வேறு. இடப்பக்கம் வலுக்குறைந்த பிள்ளைகளில் சிலருக்கு இரண்டு கண்களிலுமே பார்வைப் பரப்பின் இடது பாதி தெரிவதில்லை. பிறவியிலிருந்தே அப்படி இருப்பதால் அது குறை என்றே அவர்களுக்குத் தோன்றாது. அவனை எதிரில் உட்கார வைத்து, உங்கள் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி, முதலில் அவனுடைய வலப்பக்க ஓரத்திலும் பிறகு இடப்பக்க ஓரத்திலும் உங்கள் விரலை மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தாமதமாகவே விரலைக் கண்டுகொள்கிறான் என்றால், கண் மருத்துவரிடம் பார்வைப் பரப்புச் சோதனை செய்யாமல் அவனைத் தெருவில் இறக்காதீர்கள். மூன்றாவது, இடுப்பிலோ காலிலோ அண்மையில் அறுவை சிகிச்சை, தசை இறுக்கத்துக்கான ஊசி போன்ற ஏதாவது நடந்திருக்கிறதா, நடக்கப்போகிறதா என்பது. இந்த மூன்றிலும் தடை இல்லையென்றால், இனி அவன் உடம்பைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டுச் சைக்கிளின் குறைகளைப் பார்க்கத் தொடங்கலாம்.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் ஊரில் சைக்கிள் கற்ற ஆண்பிள்ளைகள் பலரும் குரங்குப் பெடலில்தான் தொடங்கினார்கள். அப்பாவின் பெரிய சைக்கிளின் பாருக்கு அடியில் காலை நுழைத்து, உடம்பைக் கோணலாக்கி, அரைப்பெடல் போட்டு ஓட்டிய அந்தப் பையனைப் பார்த்து யாரும் அவனுக்குக் கால் குறை என்று சொன்னதில்லை. சைக்கிள் அவனுக்குப் பெரிது என்றுதான் சொன்னார்கள். உங்கள் மகனின் விஷயத்திலும் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்: இந்தச் சைக்கிளில் எது அவனுக்குப் பொருந்தவில்லை, அதை எந்தப் பட்டறையில் சரிசெய்யலாம்?

சைக்கிளின் சட்டத்திலிருந்து, அதாவது ஃபிரேமிலிருந்து தொடங்குகிறேன். குறுக்கே பார் இல்லாத, தாழ்வான நடுச்சட்டம் கொண்ட சைக்கிள்தான் அவனுக்கு வேண்டும். காலை வீசிப் போட்டு ஏறுவதற்கு, ஒரு நொடி முழு எடையையும் ஒற்றைக் காலில் தாங்க வேண்டும். நம் ஊரில் வழக்கமாக இடப்பக்கம் நின்று ஏறுவதால் அந்தச் சுமை அவனுடைய வலுக்குறைந்த காலில்தான் விழும். பார் இல்லையென்றால் அவன் வலது காலில் நின்றபடி இடது காலை எளிதாக அந்தப் பக்கம் கடத்திவிடலாம். சீட்டை, உட்கார்ந்த நிலையில் இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் படியும் அளவுக்கு இறக்கி வையுங்கள். அது லேடீஸ் சைக்கிள் என்று அவன் முகம் சுளிக்கலாம். அப்படியானால் உங்கள் மாவட்டத்தின் கதையையே அவனுக்குச் சொல்லுங்கள். 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள்; பெண்களுக்கான சைக்கிள் போதிய அளவு கிடைக்காததால் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். ஓட்டுகிறவருக்கு எது உதவுகிறதோ அதுதான் அவருடைய சைக்கிள். உங்கள் மாமியாருக்கும் அந்த நாட்கள் நினைவிருக்கும். பெண்கள் விழுந்தால் யார் பொறுப்பு என்று அன்றைக்குக் கேட்டவர்களையும் அவர் பார்த்திருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு ஓர் ஆள் கூடுதலாகக் கிடைக்கலாம்.

அடுத்தது இடது பாதம். கணுக்கால் தாங்கியோடு ஓட்டும்போது பாதம் பெடலில் நழுவிக்கொண்டே இருக்கும். கெண்டைச் சதை இறுகும்போது குதிகால் மேலே எழும்பி, விரல்கள் முன்சக்கரத்தை நோக்கிச் சரியும். இதற்கு இடது பெடலில் பாத அளவுக்கு ஒரு தட்டையான பலகையோ தகடோ பொருத்தி, பின்னால் குதிகால் நிற்க ஒரு தடுப்பு வைத்து, மேலே ஒரு வெல்க்ரோ பட்டை போட்டால் போதும். பட்டை, காலைச் சற்று பலமாக இழுத்தவுடன் விட்டுவிடுவதாக இருக்க வேண்டும். இரண்டு சக்கர சைக்கிளில் பாதத்தை இறுக்கிக் கட்டிவைப்பது, விழும்போது காலை முறித்துவிடும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வலுக்குறைந்த கால் ஓரிரு சென்டிமீட்டர் குட்டையாக இருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் அந்தத் தட்டின் மேல் ரப்பர் அடுக்கு ஒன்றை ஒட்டி உயரத்தைச் சமன்செய்யலாம். எடையின் காரணமாகத் தட்டு ஒரு பக்கம் கவிழ்ந்துகொண்டே இருந்தால், காலை வைக்குமுன் நேராக நிற்கும்படி அடியில் ஓர் எதிர் எடை வைக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் ஒரு சாதாரண வெல்டிங் பட்டறையில் அரைநாள் வேலை.

முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதையும் பாருங்கள். பெடலைத் தாங்கிச் சுழலும் தண்டுக்குக் கிராங்க் என்று பெயர். வழக்கமான நீளமுள்ள கிராங்கில் பெடல் உச்சிக்கு வரும்போது முழங்கால் ஏறத்தாழ 110 பாகை மடங்க வேண்டியிருக்கிறது. இடது முழங்கால் அவ்வளவு மடங்காவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் இடுப்பு மேலே எகிறும், ஹேண்டில் ஆடும். பார்ப்பவர்கள் அவனுக்குச் சமநிலை வரவில்லை என்று நினைத்துவிடுவார்கள். சிறுவர் சைக்கிளின் குட்டையான கிராங்கை மாட்ட முடியுமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். இருக்கும் கிராங்கை வெட்டிப் பற்றவைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். அந்த ஒட்டு, ஓட்டும்போதுதான் உடையும்.

இடது கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விபத்துகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்கும். அவன் முயன்று மிதிக்கும்போதெல்லாம் இடது முழங்கை தானாக மடங்கி மார்பை நோக்கி எழும். அந்தக் கை ஹேண்டிலைப் பிடித்திருந்தால் ஹேண்டிலும் சேர்ந்து இழுபடும். நேராகப் போய்க்கொண்டிருந்தவன் காரணமே இல்லாமல் திரும்புவான். பிடித்ததை விடுவதுதான் சிரமம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இடது கையை ஹேண்டிலோடு துணியாலோ பட்டையாலோ கட்டிவிடும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஹேண்டிலை உயர்த்தி, அவன் நிமிர்ந்து உட்காரும்படி செய்தால் கையின் இறுக்கம் குறையும். இடது பிடியைத் தடித்த மென்மையான உறையால் சுற்றி, கையை அதன் மேல் வெறுமனே வைத்திருக்கப் பழக்குங்கள். அதுவும் தொந்தரவாக இருந்தால் கை தொடை மேல் இருக்கட்டும். வலது கை ஒன்றால் நன்றாகவே திருப்ப முடியும்.

ஆனால் ஒற்றைக் கையால் ஓட்டுகிறவனுக்குப் பிரேக் மாற்றப்பட வேண்டும்; இதைத் தள்ளிப்போடக்கூடாது. நம் ஊர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது பிடி முன்சக்கரத்துக்கும் இடது பிடி பின்சக்கரத்துக்கும் போகிறது. எதுவும் மாற்றாமல் கொடுத்தால் அவனிடம் இருப்பது முன் பிரேக் மட்டுமே. நாய் குறுக்கே ஓடும் கணத்தில் அதை முழுப் பலத்தோடு அழுத்தினால் சைக்கிள் நின்றுவிடும், அவன் ஹேண்டிலுக்கு மேலே பறப்பான். ஒரே பிடியை அழுத்தினால் இரண்டு கேபிள்களும் இழுபடும் வகைப் பிடி இருக்கிறது. அதை வலப்பக்கம் பொருத்தி, பின்சக்கரம் ஒரு கணம் முந்திப் பிடிக்கும்படி கேபிளை முறுக்கி வைக்க வேண்டும். அது கிடைக்கும்வரை, குறைந்தபட்சம் பின் பிரேக்கின் கேபிளை வலது பிடிக்கு மாற்றிவிடுங்கள். மைதானத்தில் பழகுவதற்கு அது போதும், சாலைக்குப் போதாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்கும் உண்டு, அவனுடைய வலது காலுக்கு அது பொருந்தும், ஆனால் நம் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. மணியும் வலது கைக்கு எட்டும் இடத்துக்கு வர வேண்டும்.

கற்றுக்கொடுக்கும் முறைக்கு வருகிறேன். பின்சக்கரத்தின் இருபுறமும் குட்டிச் சக்கரம் மாட்டித் தொடங்கலாமா என்று பலர் கேட்பார்கள்; 12 வயதுப் பையனுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. சைக்கிள் வளைவில் சாய்ந்துதான் திரும்பும். குட்டிச் சக்கரம் அந்தச் சாய்வையே தடுப்பதால், கற்க வேண்டிய ஒன்றை மட்டும் அவன் கற்காமல் போவான். போதாததற்கு நம் மண்பாதையின் பள்ளத்தில் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேட்டில் ஏறிக்கொண்டு, பின்சக்கரம் அந்தரத்தில் சுழலும். அதற்குப் பதிலாக, முதல் சில வாரங்களுக்கு இரண்டு பெடல்களையும் கழற்றிவிடுங்கள். சீட்டில் உட்கார்ந்து, தரையைக் கால்களால் உந்தித் தள்ளி, மெல்லிய சரிவுள்ள மைதானத்தில் உருண்டு போகட்டும். இரண்டு பாதங்களையும் தூக்கிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு அடி தூரம் நேராக உருள வந்துவிட்டால், கடினமான பகுதி முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு வலது பெடலை மட்டும் மாட்டி, அரைப்பெடல் போடுவதுபோல் மிதித்து மிதித்து ஓட்டச் சொல்லுங்கள். இடது பெடல் கடைசியாக வரட்டும்.

அவன் பழகும்போது யாரும் ஹேண்டிலையோ சீட்டையோ பிடிக்க வேண்டாம். பிடித்தால் சைக்கிளின் ஆட்டம் பிடிப்பவரின் கைக்குப் போய்விடும், அவன் உடம்புக்கு அது தெரியாது. மார்பைச் சுற்றி, அக்குளுக்கு அடியில் ஒரு நீளமான துண்டைப் போட்டு, பின்னால் இரு முனைகளையும் தளர்வாகப் பிடித்துக்கொண்டு அண்ணன் கூடவே ஓடலாம். விழப்போனால் மட்டும் இறுகும். நாளுக்கு 20 நிமிடம் போதும். களைத்தால் தசை இறுக்கம் கூடும், அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் வராது. தலைக்கவசம் முதல் நாளிலிருந்தே வேண்டும். தாடைப் பட்டையின் பூட்டை ஒரு கையால் மாட்டிக் கழற்ற அவனுக்கு வருகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். நிற்பதற்கும் தனிப் பயிற்சி தேவை. நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே எல்லோரும் இடது காலை ஓரத்தில் ஊன்றி நிற்பார்கள். அவனோ வலது காலை ஊன்ற வேண்டும். அதாவது வண்டிகள் போகும் பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். எனவே நிற்குமுன் சாலையை விட்டு நன்றாக உள்ளே ஒதுங்கி, பிறகு பிரேக் பிடித்து, பிறகு வலப்பக்கம் சாயும் வரிசை அவனுக்குக் கைவந்த பழக்கமாக வேண்டும்.

இரண்டு மூன்று மாதம் இப்படி முயன்றும் உருளும் கட்டமே வரவில்லை என்றால், தயங்காமல் பெடல் மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிளுக்குப் போங்கள். அது தோற்றவனுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு என்று வீட்டில் யாரும் பேசக்கூடாது. பாராலிம்பிக்கில் 1984 முதல் சைக்கிள் பந்தயம் இருக்கிறது. அதில் சமநிலை பாதிக்கப்பட்டவர்கள் மூன்று சக்கரத்தில் ஓட்டும் பிரிவு தனியாகவும், மாற்றியமைத்த இரண்டு சக்கரத்தில் ஓட்டும் பிரிவுகள் தனியாகவும், கையால் சுற்றி ஓட்டுவோரின் பிரிவு தனியாகவும், பார்வையற்றோர் ஒருவரின் பின்னால் அமர்ந்து இருவராக மிதிக்கும் பிரிவு தனியாகவும் உண்டு. மூளை முடக்குவாதம் உள்ளவர்களே சிலர் இரண்டு சக்கரத்திலும் சிலர் மூன்று சக்கரத்திலும் பதக்கம் வாங்குகிறார்கள். 2024 பாரிஸ் போட்டியில் முதன்முறையாக இந்தியாவின் சார்பில் அர்ஷத் ஷேக், ஜோதி கடேரியா என்ற இருவர் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொண்டார்கள். உங்கள் மகனிடம் அந்தப் படங்களைக் காட்டுங்கள். மூன்று சக்கரம் சின்னப் பிள்ளைகளுக்கானது என்ற எண்ணம் அறிவுரையால் போவதைவிடப் படத்தால் சீக்கிரம் போகும்.

மூன்று சக்கரத்துக்கு அதற்கே உரிய குணங்கள் உண்டு. நிற்கும்போது விழாது, வேகமாகத் திரும்பும்போது விழும். அது சாயாததால் வளைவில் எடை வெளிப்பக்கம் போய், உள்பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஆகவே வேகத்தைக் குறைத்து, உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்துத் திரும்பப் பழக வேண்டும். நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் வண்டி எந்நேரமும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே போகும், வலது கை அதைத் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பல வண்டிகளில் பின்சக்கரம் இரண்டில் ஒன்றைத்தான் செயின் சுழற்றும். இடது சக்கரம் ஓரத்து மணலில் போகும் என்பதால் வலது சக்கரம் சுழல்வதாக இருந்தால் நல்லது. நிறுத்திவிட்டு இறங்கும்போது உருளாமல் இருக்க, பிரேக்கை அழுத்திய நிலையிலேயே பூட்டிவைக்கும் கொக்கி ஒன்றும் வேண்டும். இதில் பாதத்தைத் தரையில் ஊன்றும் அவசியம் இல்லாததால், பாதப் பட்டை இன்னும் சற்று உறுதியாகவே இருக்கலாம்.

பாதையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அவனும் அந்த இரண்டரை கிலோமீட்டரை நடந்தே பாருங்கள். அவன் எங்கே இறங்கித் தள்ள வேண்டும், எங்கே பெரிய சாலையைக் கடக்க வேண்டும், எந்த மேட்டில் மூச்சு வாங்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரிய சாலைப் பகுதி இருந்தால் அந்தத் துண்டை மட்டும் முதல் ஆண்டு முழுக்க நண்பர்களோடு சேர்ந்து கடக்கட்டும். பள்ளியின் வாயிலையும் பாருங்கள். பெரிய கதவைப் பூட்டிவிட்டுத் திட்டிவாசலை மட்டும் திறந்து வைக்கும் பள்ளிகளில் மூன்று சக்கரம் நுழையாது. இங்கிலாந்து அரசு 2020இல் வெளியிட்ட சைக்கிள் பாதை வழிகாட்டி, 1.2 மீட்டர் அகலமும் 2.8 மீட்டர் நீளமும் உள்ள சைக்கிள் தடையின்றிப் போக வேண்டும் என்பதையே அளவுகோலாக வைத்திருக்கிறது; இரண்டு சக்கர சைக்கிளை மட்டும் மனத்தில் வைத்துப் பாதை போட்டால் யாரெல்லாம் வெளியே நிற்பார்கள் என்பதை யோசித்து வைத்த அளவு அது. நம் ஊரில் நடைபாதைக்கும் பூங்காவுக்கும் மோட்டார் சைக்கிள் நுழையாமலிருக்க நெருக்கமாகத் தூண் நடுபவர்கள் இதைப் பற்றி யோசிப்பதாகத் தெரியவில்லை. உங்களுக்கு வேண்டியது அவ்வளவு பெரிய மாற்றமில்லை: காலையும் மாலையும் பெரிய கதவு திறந்திருக்க வேண்டும், சைக்கிள் நிறுத்துமிடத்தில் வரிசையின் ஓரத்தில் அவனுக்கு ஓர் இடம் வேண்டும்.

இவற்றைத் தலைமையாசிரியரிடம் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 16ஆம் பிரிவு, பள்ளி வளாகம் எளிதில் அணுகும்படி இருக்க வேண்டும், தனிப்பட்ட தேவைக்கேற்ற ஏற்பாடு செய்யப்பட வேண்டும், விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு வேண்டும் என்று சொல்வதோடு, போக்குவரத்து வசதியையும் குறிப்பிடுகிறது. சட்டத்தைக் காட்டிச் சண்டை பிடிப்பதற்காக இதை எழுதவில்லை. இப்படி ஒரு பிரிவு இருப்பது பல பள்ளிகளுக்கே தெரியாது என்பதால், உங்கள் கோரிக்கையில் ஒரு வரியாக அதைச் சேர்த்து எழுத்துமூலம் கொடுங்கள். உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியரும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். பெடல் தட்டின் அளவு எடுப்பதற்கும், பயண உதவித்தொகைக்கு அவன் தகுதியானவனா என்று அறிவதற்கும் முதலில் அவர்களைப் பாருங்கள். அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தால், பதினோராம் வகுப்பில் அவனுக்கும் அரசின் விலையில்லா மிதிவண்டி வரும். மாணவர்களுக்குப் பார் உள்ளதும் மாணவிகளுக்குப் பார் இல்லாததும் தருகிறார்கள் என்பதால், பார் இல்லாததைத் தரும்படி பட்டியல் எடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, பழைய சைக்கிள் ஒன்றில் தொடங்குவதையே நான் விரும்புவேன். புது சைக்கிளில் கைவைக்கக் கடைக்காரருக்கும் மனம் வராது, உங்களுக்கும் வராது. பழையதென்றால் கழற்றி, மாட்டி, தவறாகப் போனால் மறுபடி மாற்றலாம். நான் சொன்ன பெடல் தட்டு, பட்டை, பிரேக் மாற்றம் எல்லாம் சேர்ந்தாலும் புது சைக்கிளின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். சைக்கிள் கடைக்காரரிடம் பேசும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவனே கேட்கட்டும்.

சைக்கிள் மிதித்தால் கால் சரியாகிவிடுமா என்று யாராவது உங்களிடம் நம்பிக்கை ஊட்டினால் அதை நம்ப வேண்டாம். வலுவும் மூச்சுத் திறனும் கூடும். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு மாறாது. கெண்டைச் சதையை நீட்டும் பயிற்சியும் கணுக்கால் தாங்கியும் வழக்கம்போல் தொடர வேண்டும், வளரும் வயதில் தாங்கி சிறிதாகிவிட்டதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவும் வேண்டும்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு, அந்த மூன்று கேள்விகளுக்கும் அவர் சொன்ன விடையை எனக்கு எழுதுங்கள். அதோடு, அவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இடது முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் ஒன்றையும், தாங்கியோடும் தாங்கி இல்லாமலும் நிற்கும் படம் ஒவ்வொன்றையும் அனுப்பினால், பெடல் தட்டின் அளவையும் கிராங்கின் நீளத்தையும் குறித்து, பட்டறையில் காட்டும்படி வரைபடமாக அனுப்புகிறேன்.